ஃபவுல் கொடுத்தாவது தடுக்கலாமா? ரோபோ ஆட்டத்தில் பெனால்டியும் தடுப்பாட்டமும்

கேள்வி, 14 ஜூன் 2025

ஐயா, தென்காசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறேன், எஃப்.டி.சி. (FIRST Tech Challenge) என்ற பள்ளி ரோபோ போட்டியில் ஆடும் எங்கள் அணியில் ரோபோவை ஓட்டும் டிரைவர் நான்தான். கடந்த 2024–25 பருவ விதிப்படி மேஜர் ஃபவுல் என்ற பெரிய விதிமீறல் ஒன்றுக்கு எதிரணிக்கு 15 புள்ளி போகும். மேல்கூடையில் சாம்பிள் என்ற ஆட்டப்பொருள் ஒன்றைப் போட்டால் 8 புள்ளி. வேண்டுமென்றே இடித்து இரண்டு சாம்பிளைக் கெடுத்தால் அவர்களுக்கு 16 நட்டம், எங்களுக்கு ஒரு புள்ளி லாபம். விதியே விலை சொல்லிவிட்ட பிறகு அந்த விலையைக் கொடுத்து வாங்குவதில் என்ன தவறு?

14 ஜூன் 2025, இரவு

தம்பி, உங்கள் கழித்தல் சரி. ஆனால் இடித்தால் இரண்டு சாம்பிள் கெடும் என்று எடுத்துக்கொண்டீர்களே, அதை யாராவது நிறுத்துக் கடிகாரம் வைத்துப் பார்த்தீர்களா?

இடிபட்ட ரோபோவின் கையிலிருக்கும் சாம்பிள் பெரும்பாலும் கையிலேயேதான் இருக்கும். அது தடுமாறித் திரும்பிக் கூடைக்குப் போகும். நீங்கள் பறித்தது புள்ளியை அன்று, நேரத்தை. எதிரணி ஒரு சாம்பிளை எடுத்துப் போட்டுத் திரும்ப 15 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் ஓட்டும் 105 விநாடியில் அது 7 சுற்று. அதை 5 சுற்றாகக் குறைக்க வேண்டுமென்றால் அவர்களிடமிருந்து 30 விநாடியைப் பறிக்க வேண்டும். ஓர் இடி எத்தனை விநாடியைத் தின்னும்? எங்கள் பயிற்சிக் களத்தில் நான் பார்த்தவரை நான்கைந்து விநாடி. ஆக 30 விநாடிக்கு ஆறேழு இடிகள் வேண்டும், அவற்றில் ஒன்று மட்டுமே ஃபவுலாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

15 ஜூன் 2025, காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 105 விநாடி என்பது வெக்ஸ் என்ற இன்னொரு ரோபோ போட்டியின் கணக்கு: 15 விநாடி தானியங்கிப் பகுதி, அதன்பின் 1 நிமிடம் 45 விநாடி. எஃப்.டி.சி.யில் தானியங்கிப் பகுதி 30 விநாடி, டிரைவர் ஓட்டுவது 2 நிமிடம். இரண்டுக்கும் பயிற்சி கொடுப்பதால் கைப்பழக்கத்தில் மாறிவிட்டது. எனவே 120 விநாடியில் 8 சுற்று. அதை 6 ஆக்க வேண்டும். பறிக்க வேண்டிய நேரம் அதே 30 விநாடிதான், விடை மாறவில்லை.

விடுபட்ட இன்னொன்றையும் சேர்க்கிறேன். நீங்கள் தடுத்துக்கொண்டிருக்கும் அந்த 30 விநாடியில் உங்கள் ரோபோ என்ன செய்யும்? ஒரு சுற்றுக்கு 20 விநாடி எடுக்கும் சுமாரான ரோபோ என்றாலும் ஒன்றரைச் சுற்று, அதாவது 12 புள்ளி போச்சு. அவர்களுக்கு நட்டம் 16. நீங்கள் கொடுத்த ஃபவுல் 15. நீங்கள் எடுக்காமல் விட்டது 12. ஒரு புள்ளி லாபம் என்று நினைத்த இடத்தில் 11 புள்ளி நட்டம். தன்னால் கூடையில் போடவே முடியாத ரோபோ என்றால் இந்த 12 மறைந்துவிடும். ஆகவே தடுப்பாட்டம் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், வேலை குறைந்த ரோபோவுக்கு என்பதே என் முதல் விடை.

18 ஜூன் 2025

“விதியே விலை சொல்லிவிட்டது” என்ற வாக்கியம் நாலு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், அது விலைதானா என்று பார்ப்போம். விலை என்றால் பருவத்துக்குப் பருவம் ஏன் இப்படி மாறுகிறது? எஃப்.டி.சி.யை நடத்தும் அதே அமைப்பின் பெரிய ரோபோக்களுக்கான போட்டி எஃப்.ஆர்.சி. அதில் 2018 இல் டெக் ஃபவுல் என்ற பெரிய ஃபவுலுக்கு 25 புள்ளி. 2022 இல் 8. 2023 இல் 12. 2024 இல் 5. எஃப்.டி.சி.யில் 2023–24 பருவத்தில் மேஜர் ஃபவுலுக்கு 30 புள்ளி, அடுத்த பருவத்தில் அது பாதியாகி 15 ஆயிற்று. குற்றம் அதேதான். ஆட்டத்தில் ஒரு பொருளுக்கு எத்தனை புள்ளி என்பதை ஒட்டி அந்த எண்ணை மாற்றுகிறார்கள். 2024 எஃப்.ஆர்.சி. ஆட்டத்தில் புள்ளி கூடும் ‘ஆம்ப்ளிஃபை’ நேரத்தில் ‘ஸ்பீக்கர்’ என்ற இலக்கில் போட்ட வளையத்துக்கு 5 புள்ளி. டெக் ஃபவுலும் 5. நீ கெடுத்திருக்கக்கூடியதை எதிரணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நடுவர் சொல்வதாகவே நான் இதைப் படிக்கிறேன். ஆட்ட முடிவில் தொங்குவதற்கு ஏறும் ரோபோவின் விதியில் இது இன்னும் வெளிப்படை. எஃப்.ஆர்.சி.யில் சில பருவங்களில், ஏறும் ரோபோவைத் தொட்டால், அது ஏறாவிட்டாலும் ஏறியதாகவே கொண்டு எதிரணிக்குப் புள்ளி கொடுத்தார்கள்.

அடுத்து, எல்லாப் போட்டிகளிலும் இந்தக் கடை திறந்திருப்பதில்லை. வெக்ஸில் ஒரு ஃபவுலுக்கு எதிரணிக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு பொதுவாகக் கிடையாது. தவறு ஆட்டத்தின் முடிவை மாற்றியதா என்று பார்ப்பார்கள், மாற்றியிருந்தால் தகுதிநீக்கம். தகுதிச் சுற்றில் அந்த அணிக்குப் பூஜ்யம். நாக்அவுட்டில், ஒரே பக்கமாகச் சேர்ந்து ஆடும் அணிகளின் கூட்டணி முழுவதற்கும் ஆட்டம் போய்விடும். கொடுத்து வாங்குவதற்கு அங்கே சில்லறையே இல்லை. எஃப்.ஆர்.சி., எஃப்.டி.சி. இரண்டிலும் ஃபவுலுக்கு மேலே மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை உண்டு. இரண்டு மஞ்சள் சேர்ந்தால் சிவப்பு. “வேண்டுமென்றே”, “திரும்பத் திரும்ப” ஆகிய இரண்டும்தான் அட்டையை நடுவரின் சட்டைப்பையிலிருந்து வெளியே கொண்டுவருபவை. உங்கள் திட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன.

மூன்றாவது, உங்கள் கூட்டாளி. தகுதிச் சுற்றில் உங்களோடு யார் சேர்வார்கள் என்பதை அட்டவணைதான் தீர்மானிக்கிறது. வேறேதோ ஊரிலிருந்து இரவு பஸ் ஏறி வந்த ஒரு பள்ளிப் பிள்ளைகள், உங்களோடு ஒரே ஓர் ஆட்டம் ஆட வந்திருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் 15 புள்ளியில் பாதி அவர்களுடையது. அவர்களைக் கேட்டீர்களா?

22 ஜூன் 2025

வள்ளியூரிலிருந்து ஓர் அணியை நடத்தும் அக்கா, நான் தடுப்பாட்டத்தையே கேவலப்படுத்துகிறேன் என்று வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி ஓர் எண்ணம் வந்திருந்தால் அது என் எழுத்தின் குறை.

என் சித்தப்பா கபடியில் இடது கார்னர். பாடி வருகிறவன் காலை நீட்டும் நொடியில் கணுக்காலைக் கவ்வுவதுதான் அவர் வேலை. எங்கள் ஊரில் ஏறிப் பாடுகிறவனுக்கு இருந்த மரியாதை அவருக்கும் இருந்தது, ஏனென்றால் கபடியில் தொட்டாலும் ஒரு புள்ளி, பிடித்தாலும் ஒரு புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பிடித்தால் இரண்டு. பிடி பலகையில் ஏறும். ரோபோ ஆட்டத்தில் பிடி பலகையில் ஏறுவதில்லை. எதிரணியை 6 சுற்றில் நிறுத்திய பிள்ளையின் பெயருக்கு நேரே பூஜ்யம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பெற்றோர் “இவன் சும்மா இடித்துக்கொண்டுதானே இருந்தான்” என்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற இடி வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு இங்கேதான் முளைக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே எங்கள் அணியில் தடுத்த விநாடிகளை ஒரு நோட்டில் தனியாக எழுதி வைக்கிறோம். அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

23 ஜூன் 2025

பின்னிங் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எதிரி ரோபோ நகர முடியாதபடி சுவரோடோ வேறொரு ரோபோவோடோ சேர்த்து நெருக்குவதுதான் பின்னிங். அதற்கு ஓர் எண்ணிக்கை அனுமதி உண்டு. எஃப்.ஆர்.சி.யில் 2024 இல் 5 விநாடியாக இருந்தது, 2025 இல் 3 விநாடியாகக் குறைந்தது. வெக்ஸில் விடுவது என்றால் குறைந்தது 2 அடி விலக வேண்டும். களத்தில் விரிக்கும் ஃபோம் டைல் ஒன்றின் பக்கம் 2 அடி என்பதால் கண்ணால் அளப்பது எளிது.

24 ஜூன் 2025

நேற்றைய குறிப்பு ஒரு பழைய விஷயத்தைக் கிளறிவிட்டது.

பாளையங்கோட்டையில் நான்கு அணிகளைச் சேர்த்து நாங்களே நடத்திய நட்பாட்டம் ஒன்றில் நான் நடுவராக நின்றேன். ஒரு ரோபோ சுவரோரம் நெருக்கிப் பிடித்தது. ஒன்று, இரண்டு என்று ஐந்துவரை எண்ணி ஃபவுல் கொடுத்தேன். ஆட்டம் முடிந்ததும் அந்த டிரைவரின் தங்கை செல்பேசியில் எடுத்த காணொளியைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல், நேரம் ஓடும் கோட்டைத் தன் விரலால் நகர்த்திக் காட்டினாள். நான் ஐந்து என்று கை தாழ்த்தியபோது நான்கு விநாடிகூட ஆகியிருக்கவில்லை. பக்கத்தில் இரைச்சல், எதிர் அணிப் பிள்ளைகள் “சார், பின், பின்” என்று கத்தியது, எல்லாம் சேர்ந்து என் எண்ணிக்கையை விரட்டிவிட்டன. ஃபவுலை நீக்கிப் புள்ளியைத் திருத்தினோம். அது நட்பாட்டம், அதனால் முடிந்தது.

அன்றுமுதல் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று முழுச் சொல்லாக, இரண்டு டிரைவருக்கும் தெரியும்படி கையை வீசி எண்ணுகிறேன். தடுக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது: விதி ஐந்து என்றால் மூன்றில் விட்டுவிடுங்கள். உங்கள் நான்கு நடுவரின் ஐந்தாக இருக்கக்கூடும், அதை எதிர்த்து வாதாட ஆட்டத்தின் நடுவே இடமில்லை.

29 ஜூன் 2025

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தம்பி கேட்ட கேள்விக்கு என் உண்மையான பதில் இதற்குள்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில் நடந்த போட்டி. நாங்கள் கொஞ்சம் முன்னிலையில் இருந்தோம், 25 விநாடி மிச்சம். எதிரணியின் ரோபோ கையை முழுக்க நீட்டிக்கொண்டு வந்தது. நான் டிரைவருக்குப் பக்கத்தில் பயிற்சியாளராக நின்றுகொண்டிருந்தேன். “ஃபவுல் போனாப் போட்டும்ல, மறிலே” என்று சொன்னேன். அந்தப் பையன் சொன்னதைச் செய்தான்.

அவர்கள் கரத்தின் அடித்தகடு அக்ரிலிக்கால் ஆனது. அது குறுக்கே பிளந்து, மோட்டார் ஒயர் பிடுங்கிக்கொண்டு, கரம் முழுவதும் டைலில் சரிந்து கிடந்தது. மோட்டார் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவர் கொடியை உயர்த்தினார். ஃபவுலையும் கூட்டிப் பார்த்தபோதும் நாங்கள்தான் வென்றிருந்தோம். தம்பி போட்ட கணக்கைத்தான் நானும் அன்று போட்டேன், அது பலித்தது.

பிறகு ஒரு மாற்றுத் தகடு எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போனேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, தரையில் உட்கார்ந்து புதிதாக வெட்டிய அக்ரிலிக் துண்டின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தூள் பாவாடை முழுவதும். நான் கொண்டுபோன தகட்டின் துளைகள் அவர்கள் மோட்டாருக்குப் பொருந்தவில்லை. நிமிர்ந்து பார்த்து, “சார், கைய நீட்டி வச்சது எங்க தப்பா?” என்று கேட்டாள்.

விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரு விடை உண்டு. நீட்டிய கரத்துக்குத் தற்செயலாக ஏற்படும் சேதத்தை ஆட்டத்தின் இயல்பாகவே விதிகள் பெரும்பாலும் கொள்ளும். வெக்ஸ் விதி, தடுப்பாட்டத்தை எதிர்பார்த்து ரோபோவை உறுதியாகக் கட்டிக்கொள் என்றே சொல்கிறது. ஆனால் அன்று நடந்தது தற்செயல் அன்று. அது எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. “உங்க தப்பு இல்லம்மா, எங்க தப்பு” என்று சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அடுத்த இரண்டு ஆட்டங்களை அவர்கள் கரமில்லாமல், வெறும் சக்கரத்தோடு ஆடினார்கள். அந்த இரண்டு ஆட்டங்களில் அவர்கள் இழந்தது எந்தப் பெனால்டிக் கணக்கிலும் ஏறவில்லை.

3 ஜூலை 2025

வள்ளியூர் அக்காவின் கேள்வி: சிக்கிக்கொண்ட ரோபோவின் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

தள்ளுகிறவனை எதிர்த்துத் தள்ளக் கூடாது. தள்ளும் விசைக்கு உச்சவரம்பு மோட்டாரில் மட்டும் இல்லை, சக்கரத்துக்கும் டைலுக்கும் உள்ள உராய்விலும் இருக்கிறது. எடையும் ரப்பரும் ஒன்றாக இருக்கும் இரண்டு ரோபோக்கள் முட்டினால் இரண்டும் நின்ற இடத்தில் நின்று சூடாகும். வெக்ஸ் வி5 மோட்டார் 11 வாட். உள்வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது தானாகவே தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். நம் ஊர் ஜூன் மாத மதியத்தில், தகரக்கூரையின் கீழ், ஆட்டம் தொடங்கும் முன்பே மோட்டார் வெதுவெதுப்பாக இருக்கும். இருபது விநாடி முட்டிவிட்டு, “ரோபோ நடக்கவே மாட்டேங்குது சார்” என்று வந்து நிற்பார்கள்.

முட்டுவதை விட்டு, தொடும் புள்ளியை அச்சாகக் கொண்டு சுழல வேண்டும். விளிம்பில் சாய்ந்த உருளைகள் கொண்ட மெக்கானம் சக்கரம் போட்டிருந்தால் பக்கவாட்டில் நழுவலாம். அதன் உருளைகள் 45 டிகிரியில் தாமாக உருள்வதால் விலாவில் இடித்தால் எளிதில் தள்ளப்படும் என்பது அதே குணத்தின் மறுபக்கம். எங்களிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. தடுக்கப் போவது எப்போதும் ரப்பர் சக்கரம் போட்டதுதான்.

11 ஜூலை 2025

ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு எழுதுகிறேன். ரதவீதி முக்கில் தேர் திரும்புவதை இந்த முறை பக்கத்தில் நின்று பார்த்தேன். அவ்வளவு பெரிய தேரை வழிக்குக் கொண்டுவருவது சக்கரத்தடியில் வைக்கும் ஒரு கட்டை. கட்டை வைக்கிறவர் தேருக்கு நேரே நிற்பதில்லை. பக்கவாட்டில் குனிந்து ஓடி, சக்கரம் வந்து ஏறும் இடத்தில் கோணம் பார்த்துக் கட்டையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். சக்கரம் அதில் ஏறிச் சறுக்கி, தேரின் முகம் ஒரு சாண் திரும்புகிறது. முட்டுக்கட்டை என்றால் தடை என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அங்கே அது திசையைத் திருப்புகிறது.

பள்ளி திறந்ததும் இதைத்தான் களத்தில் செய்து பார்த்தோம். எதிரி ரோபோவின் நடுவிலாவில் இடித்தால் அது பக்கவாட்டில் தள்ளப்படும், கூடையைப் பார்த்த முகம் மாறாது. பின்மூலையில் மெதுவாகத் தொட்டால் முகம் திரும்பிவிடும். குறியை மீண்டும் சரிசெய்ய டிரைவருக்கு மூன்று விநாடி ஆகிறது. இடித்த சத்தமே கேட்பதில்லை. இதைவிடவும் நல்லது தொடாமலே நிற்பது: 12 அடிக்கு 12 அடிக் களத்தில், கடந்த பருவத்தைப் போல நடுவில் பெரிய அமைப்பு ஒன்று இருந்தால், அதற்கும் சுவருக்கும் இடையே போக வழி குறைவு. அந்த வழியில் ஓர் ஓரமாக நின்றாலே சுற்றிக்கொண்டு போவார்கள். ஆனால் இரண்டு ரோபோவும் சேர்ந்து வழியை முழுக்க அடைத்தால் அது தனி ஃபவுல். எதிரியை நெருக்கி அவனை ஃபவுல் செய்ய வைப்பதும் அப்படியே.

13 ஜூலை 2025

ஜூன் 15 இல் தடுப்பாட்டம் வேலை குறைந்த ரோபோவுக்குத்தான் என்று எழுதினேன். அதை இப்போது கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இரண்டு சுற்றைக் குறைக்க 30 விநாடி பறிக்க வேண்டும் என்றதும் சுற்றுக்கு 15 வீதம் போட்ட தோராயக் கணக்குதான், கடைசிச் சுற்று எப்போது முடிகிறது என்பதைப் பொறுத்து அது குறையும்.

120 விநாடியில் 15 விநாடிச் சுற்று எட்டு என்றால், எட்டாவது சுற்று மணி அடிக்கும் நொடியில் முடிகிறது. அப்போது ஒரே ஒரு விநாடி தாமதமும் ஒரு முழுச் சுற்றைத் தின்றுவிடும். நடு ஆட்டத்தில் எடுத்த ஐந்து விநாடியும் கடைசியில் எடுத்த ஒரு விநாடியும் ஒரே பலன் தரக்கூடும். ஆகவே நன்றாகப் போடும் ரோபோவும் தன் வேலையை முடித்துவிட்டு, எதிரணியின் கடைசிச் சுற்றின்போது மட்டும் அவர்கள் வழியில் போய் நிற்பது நியாயமான கணக்கு. ஒன்றை மறக்கக் கூடாது: அந்தக் கடைசி விநாடிகளில்தான் ஏறித் தொங்க வருவார்கள். ஏறுகிறவனைத் தொட்டால் எல்லாம் போச்சு. அதனால் அங்கே தொடாத தடுப்பு மட்டுமே.

19 ஜூலை 2025

தென்காசித் தம்பி தன் அளவீட்டை அனுப்பியிருக்கிறார். பத்து முறை இடித்து, பத்து முறை வழியில் நின்று பார்த்திருக்கிறார். இடித்தபோது சராசரியாக நான்கு விநாடி, நின்றபோது மூன்று. ஒரு விநாடிதான் வித்தியாசம். இடித்த பத்தில் மூன்று முறை தன் ரோபோவின் ஒயரே கழன்றதையும் எழுதியிருக்கிறார். கூடவே ஒரு வரி: “ஐயா, அந்தப் பிள்ளை பிறகு ஆடினாளா?”

ஆடினாள். அடுத்த ஆண்டு அதே அணி அலுமினியத் தகட்டோடு வந்தது. அவள் டிரைவராக நின்றாள். எங்கள் கூட்டணியில் சேரவில்லை, எதிரில்தான் நின்றாள். தகுதிச் சுற்றில் எங்களை அவர்கள் வென்றார்கள்.

தம்பி, அளவெடுத்ததில் ஒன்றை மட்டும் திரும்பச் செய்யுங்கள். பத்து முறையும் உங்கள் எதிராளி ஒரே பையன்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று ஐந்தாவது முறையிலேயே அவனுக்குப் பழகியிருக்கும். வேறு டிரைவரை வைத்து, நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் ஒரு டைல் மாற்றி எடுங்கள். வரும் சனிக்கிழமை மாலை எங்கள் களம் காலியாகத்தான் இருக்கும். ரப்பர் சக்கரம் போட்ட ரோபோவை எடுத்துக்கொண்டு வாருங்கள்.